ருசி பார்ப்பவரின் பூனை

ஜூன் 2, திங்கள்

எங்கள் பூனை பெக்கோவுக்கு வயிற்றுப்போக்கு. வீட்டில் மூன்று இடங்களில் கைவரிசையைக் காட்டிவிட்டது. அதில் ஒன்று என் செருப்பு. காலை உள்ளே விட்ட பிறகுதான் தெரிந்தது.

மாலையில் மனைவி லீலாவும் நானும் அதைக் கூடையில் வைத்து மேல் குன்னூர் கால்நடை மருத்துவர் அஃப்ரீனிடம் கொண்டுபோனோம். சின்ன வயசுதான், ஆனால் பேச்சில் தலைமையாசிரியை. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். மளிகைக் கடையில் மூட்டையைத் திறந்துவைத்து அள்ளித் தரும் தீனிதான் என்றாள் லீலா.

"அது எந்தக் கம்பெனி, எதுல செஞ்சது, எப்ப செஞ்சதுன்னு யாருக்காவது தெரியுமாம்மா?"

யாருக்கும் தெரியாது. மருந்து கொடுத்தார். கூடவே பாடமும் நடத்தினார். இனிமேல் மூடி ஒட்டிய பாக்கெட்தான். பூனைக்கான முழுச் சத்துணவு என்று அதில் போட்டிருக்க வேண்டும். சேர்மானங்களில் முதல் பெயர் கோழியோ மீனோவாக இருக்க வேண்டும். தேதி பார்க்க வேண்டும். நாய்த்தீனியைப் பூனைக்குப் போடவே கூடாது, பூனைக்குத் தேவையான சத்து அதில் போதாது. லீலா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் சுவரில் இருந்த பசுமாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லேபிளைப் பார்த்து வாங்குவதற்கு நான் எதற்கு? குன்னூர் ஏலத்துக்கு வரும் தேயிலையை முப்பது வருஷமாக ருசி பார்க்கிறவன். எந்தத் தோட்டம் என்று தெரியாமல், வரிசையாக வைத்த கோப்பைகளில் உறிஞ்சி, துப்பி, தரம் சொல்வது என் பிழைப்பு. பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பெயருக்குச் சலாம் போடும். தேயிலைக்கு எது சரியோ அது பூனைத் தீனிக்கும் சரி.

ஜூன் 4, புதன்

தேயிலையே கெட்டுப்போய்விட்டது. இன்று மேசை நிறைய கோப்பைகள், எல்லாம் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. நிறம் இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது, உயிர் இல்லை. போஜனிடம் சொன்னேன். போஜன் எனக்கு அடுத்த இடத்தில் ருசி பார்ப்பவர், கோத்தகிரிப் பக்கத்துப் படுகர், நாற்பதைத் தாண்டியவர், ஒரு வார்த்தை பேச ஒன்பது தடவை யோசிப்பவர். "அப்படீங்களா சார்" என்றார்.

வீட்டிலும் அதே கதை. லீலா ரசத்தில் பெருங்காயம் போடுவதையே நிறுத்திவிட்டாள். கேட்டதற்குக் கரண்டியை ஓங்கினாள்.

ஜூன் 7, சனி

சமையலறை மேசையில் ஐந்து வெள்ளைக் கோப்பைகள். பேருந்து நிலையத்துக் கடையில் ஐந்து விதமான சின்னப் பாக்கெட்டுகள் வாங்கி வந்தேன். எது எதில் என்று எனக்குச் சொல்லாமல் கொட்டிவைக்க வேண்டியது லீலாவின் வேலை. எங்கள் முறைப்படி வெந்நீர் ஊற்றி மூடி ஊறவிட்டேன்.

"என்னங்க, நெசமாவே வாயில போடப் போறீங்களா?"

"வாயில போடாம எப்படி மார்க்கு போட?"

மூடியைத் திறந்ததும் "கர்த்தரே!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணில் தண்ணீர் வேறு. லீலாவுக்கு எதிலும் நடிப்பு ஒரு பிடி தூக்கல்.

கப் ஒன்று: வெறும் மாவு. கப் இரண்டு: மணல். கப் மூன்று: உப்பு போதவில்லை, குழைகிறது. கப் நான்கு: உப்பு அளவு, ஊறியும் கடிபடுகிறது, நாக்கில் நன்றாக நிற்கிறது. கப் ஐந்து: எழுத ஒன்றும் இல்லை. முதலிடம் நான்குக்கு.

பெக்கோவை மேசைமேல் ஏற்றினேன். ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு மூன்றில் தலையை விட்டது. நான்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தூக்கிக் கீழே விட்டேன். அதற்கு என்ன பயிற்சி இருக்கிறது?

"திங்கப்போறது அவன். மார்க்கு போடுதது நீங்களா?" என்றாள் லீலா, ஜன்னலுக்கு வெளியே தலையை வைத்துக்கொண்டே. கப் நான்கு எது என்று கேட்டேன். கடைக்காரர் ஓரமாக ஆஃபரில் அடுக்கியிருந்தாரே, அதுவாம்.

ஜூன் 9, திங்கள்

லீலா நாகர்கோவில் போகிறாள். தங்கைக்கு முழங்கால் ஆபரேஷன், மூன்று வாரமாவது ஆகும். பஸ்ஸில் ஏறும்வரை பெக்கோவைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீரை மாற்று, தட்டைக் கழுவு, புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்று. எனக்கு என்ன சாப்பாடு என்று ஒரு வார்த்தை இல்லை.

"நம்பி விட்டுட்டுப் போறேன், பாத்துக்கிடுங்க. அவன் வாய் பேசாதவன்."

வாய் பேசாதவனாம். விடியற்காலையில் அது போடும் சத்தத்தை இவள் கேட்டதில்லை போலிருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

கப் நான்கில் பெரிய மூட்டையே வாங்கிவிட்டேன். குன்னூர் மூடுபனியில் காகிதப் பையை நம்ப முடியுமா? தேயிலைக்கு முதல் எதிரி ஈரம். மூட்டையை வெட்டி, அலுவலகத்தில் இருந்து வந்த பழைய தகர டின்னில் கொட்டி, இறுக்கி மூடி, அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியில் வைத்தேன். எப்போதும் கதகதவென்று இருக்கும் இடம். வெறும் பையைக் குப்பை வண்டியில் போட்டாயிற்று. லீலா இருந்திருந்தால் இதை இவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க மாட்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

கோவில் ஆராதனை முடிந்து வந்து பால் காய்ச்சினேன். மிச்சம் அடுப்பில் இருக்க, பேப்பர் படித்துக்கொண்டே குடித்தேன். பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "சார், என்னமோ தீயுது!" என்றார். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பாத்திரத்தைத் தேய்க்க அரை நாள் ஆயிற்று.

பெக்கோ சாப்பிடுகிறது. ஆனால் ஆர்வம் இல்லாமல், அலுவலகம் போகிறவன் மாதிரி.

ஜூன் 23, திங்கள்

அடுத்த ஏலத்துக்கான கோப்பைகள் இன்று. எல்லாவற்றுக்கும் குறிப்பு சொல்லி முடித்துக் கை கழுவப் போனேன். போஜன் பின்னாலேயே வந்தார்.

"சார், அந்த ரெண்டாவது வரிசையில... கடைசிக்கு முந்தின கப்பு. இன்னொரு வாட்டி பாக்கறீங்களா?"

"சுத்தமான டீன்னு சொல்லிட்டேனே."

"சரிங்க சார்."

"என்ன, உங்களுக்கு வேற மாதிரி படுதா?"

"இல்லீங்க சார். சும்மா."

சும்மா என்றால் எதற்குப் பின்னால் வர வேண்டும்? போகட்டும். அவருக்கும் என் நாற்காலிமேல் ஒரு கண் இருக்காதா?

ஜூன் 24, செவ்வாய்

பெக்கோ இன்று தட்டைத் தொடவில்லை. அடம். மனிதன் மாதிரியே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

ஜூன் 25, புதன்

இன்றும் இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்து டின்னில் இருந்து ஒன்றை எடுத்து நானே கடித்துக் காட்டினேன். ஆழமாக முகர்ந்தும் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பெக்கோ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் நாற்காலியைத் தின்றதுபோல.

மாலையில் மஞ்சளாக வாந்தி எடுத்தது. பீரோவுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. கூப்பிட்டால் வரவில்லை.

லீலா போன் செய்தாள். "சாப்பிட்டானா?" என்று கேட்டாள். சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

அலுவலகத்துக்கு லீவு சொன்னேன். மழையில் ஆட்டோ. பெக்கோ கூடைக்குள் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டின்னையும் மடியில் வைத்துக்கொண்டேன். சாப்பாட்டில் தப்பில்லை என்று காட்டுவதற்காக.

அஃப்ரீன் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஈறுகளைப் பார்த்தார். பூனை இரண்டு நாள் பட்டினி கிடந்தாலே ஈரலுக்கு ஆபத்து, உடனே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். தோலுக்கு அடியில் தண்ணீர் ஏற்றினார், ஊசி போட்டார். பிறகு டின்னைத் திறந்தார். திறந்த வேகத்தில் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ! சிக்கு நாத்தம் அடிக்குதே சார். எண்ணெய் முழுசும் காறிப்போயிருக்கு. இதையா சாப்பிட வச்சீங்க?"

"ஈரம் படக் கூடாதுன்னு அடுப்புக்கு மேல வச்சேன்."

"இதுல கொழுப்பு இருக்கு சார், சூட்டுல கெட்டுடும். வாங்கின பையோட மடிச்சு, குளிர்ச்சியான எடத்துல வைக்கணும். பை எங்க? தேதி என்ன போட்டிருந்துது?"

பை குப்பை வண்டியோடு போய்விட்டது. தேதியை நான் பார்க்கவே இல்லை. ஆஃபரில் ஏன் போட்டிருந்தார்கள் என்று இப்போது புரிகிறது.

"சரி, பை இல்லைன்னே வச்சுக்குவோம். இந்த வாடை உங்களுக்கு வரலையா?"

"கொஞ்சம் சளி" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

மாட்டுக்கும் பூனைக்கும் படித்தவர் மனுஷனைக் குறுக்கு விசாரணை செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. பெக்கோவை மாலைவரை அங்கேயே வைத்துக்கொண்டார். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜெபம் செய்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் செய்தேன். மூன்று மணி வாக்கில் உள்ளே கூப்பிட்டார். ஒரு சின்னப் பாக்கெட்டைப் பிரித்து மீன்கூழைத் தட்டில் வைத்திருந்தார். பெக்கோ ஒரு நக்கு நக்கினான். நிறுத்தினான். இன்னொரு நக்கு. நான் மருத்துவர் முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டேன். சளி என்று சொல்லியிருந்தேன் அல்லவா, வசதியாகப் போயிற்று.

ஜூன் 27, வெள்ளி

பெக்கோ காலையில் ஒரு கரண்டி, மதியம் ஒரு கரண்டி. பீரோவுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்துவிட்டான்.

அவன் தூங்கின பிறகு பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அப்புறம் காப்பிப் பொடி. ஊதுபத்தி ஏற்றினேன். புகை தெரிந்தது. நீலகிரித் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றி முகத்தோடு வைத்தேன். மூக்கு எரிந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மணக்கவில்லை.

ஜூன் 28, சனி

எனக்கு வாசனை தெரியவில்லை. பிப்ரவரிக் காய்ச்சலில் இருந்தே தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

எழுதிவிட்டேன், இனி எழுதாததுபோல் இருக்க முடியாது. தேயிலை கெட்டுப்போகவில்லை. நாலு மாதமாக நிறத்தையும் துவர்ப்பையும் வைத்துச் சமாளித்து வருகிறேன். போஜன் காட்டின அந்தக் கோப்பையில் என்ன இருந்ததோ, தெரியாது. நான் சுத்தம் என்று சொல்லிவிட்டால் வாங்குகிறவர்கள் அந்த வார்த்தையை நம்பித்தான் விலை கேட்பார்கள். வியாழக்கிழமை ஏலம்.

சொன்னால் நாற்காலி போய்விடும். சொல்லாவிட்டால்? பெக்கோவுக்குப் பேச வாய் இல்லை, பட்டினி கிடந்து சொன்னான். எனக்கு வாய் இருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். முதலில் போஜனிடம்தான் சொன்னேன். கோப்பை அறையில், கதவைச் சாத்திவிட்டு.

"எனக்கு மூக்கு போயிடுச்சு போஜன். மணம் ஒண்ணும் தெரியல."

அவர் கரண்டியைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஏப்ரல்லயே ஒரு சந்தேகம் இருந்துது சார். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு உறிஞ்சக் கத்துக்குடுத்தவரே நீங்கதான். நான் போய் உங்க கிட்ட..."

"அந்தக் கப்புல என்ன?"

"புகை சார். நல்லா புகை. உலர்த்துற மெஷின்ல எங்கயோ ஓட்டை இருக்கணும்."

இரண்டு பேரும் மேலாளர் அறைக்குப் போனோம். அந்தச் சரக்கை ஏலத்தில் இருந்து எடுத்து, தொழிற்சாலைக்குத் தகவல் சொன்னார்கள். மற்றவற்றை போஜன் முதலில் இருந்து ருசி பார்த்தார். நான் பக்கத்தில் நின்று, உலர்ந்த இலை சுருண்ட விதத்தையும் நிறத்தையும் மட்டும் பார்த்துச் சொன்னேன். கண் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மேலாளர் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. மேசைத் தலைமை மட்டும் போஜனுக்குப் போயிற்று. வலித்தது. மதியம் சாப்பிடும்போது பார்த்தால், வலி இருந்த அளவுக்குப் பசியும் இருந்தது.

மாலையில் லீலாவுக்குப் போன் போட்டேன். பெக்கோ பட்டினி கிடந்ததையும் சொன்னேன், மூக்கையும் சொன்னேன். அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"லீலா?"

"அப்போ நாலு மாசமா என் ரசத்தைக் கொறை சொன்னது?"

"அது... ஆமா."

"பெருங்காயம் எங்க, பெருங்காயம் எங்கன்னு கேட்டு, நானும் கட்டி கட்டியாப் போட்டேனே! கோவில்ல பக்கத்துல உக்காந்தவங்க எல்லாம் நகந்து உக்காந்தாங்க தெரியுமா?"

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். "முதல்ல ரசத்துக்கு மன்னிப்புக் கேளுங்க" என்றாள். கேட்டேன். பூனையிடம் பொய் சொன்னதற்குத் தனியாகக் கேட்கச் சொன்னாள். பொய் சொன்னது உன்னிடம்தான் என்றேன். அதற்கு ஊருக்கு வந்து கவனித்துக்கொள்கிறாளாம்.

ஜூலை 3, வியாழன்

லீலா வந்துவிட்டாள். பெக்கோ இவளைப் பார்த்ததும், நான் ஒரு மாதம் சோறே போடவில்லை என்பதுபோல் ஒரு கத்துக் கத்தினான். நன்றி கெட்டவன்.

ஜூலை 5, சனி

பூனைத் தீனி வாங்க இருவருமாகப் போனோம். இந்தத் தடவை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடையிலேயே நின்று படித்தேன். ஒரு பாக்கெட்டில் முன்பக்கம் முழுக்க மீன் படம், பின்பக்கம் திருப்பினால் முதல் பெயர் சோளம். கீழே வைத்தேன். ஒன்றில் இது இடைத்தீனி மட்டுமே, முழு உணவு அல்ல என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதையும் வைத்தேன். ஒன்று குட்டிகளுக்கானது. ஒன்றின் தேதி அடுத்த மாதத்தோடு முடிகிறது. கடைக்காரர், "சார், பரீட்சைக்குப் படிக்கறீங்களா?" என்றார். ஆமாம், போன தடவை ஃபெயில் என்றேன்.

தேறியது மூன்று. எல்லாவற்றிலும் சின்னப் பாக்கெட், அதுவும் ஈரமான உணவு அதிகம், அவன் தண்ணீர் குறைவாகக் குடிப்பதால் அஃப்ரீன் அப்படித்தான் சொல்லியிருந்தார். வீட்டில் மூன்று தட்டு. நான் கை வைக்கவில்லை, வாய் வைக்கவில்லை. பெக்கோ வரிசையாக முகர்ந்து, சூரை மீனில் தலையை விட்டான். மார்க்கு அவனே போட்டான். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தோம். லீலாவின் தோசை மாவுக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அதற்கு ஒரு சண்டை.

ஜூலை 8, செவ்வாய்

கோயம்புத்தூரில் மூக்கு டாக்டர். குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்து அடைத்திருக்கிறது, காய்ச்சலும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கலாம் என்றார். மாத்திரை, மூக்கில் அடிக்கும் மருந்து, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்.

திரும்பும் பஸ்ஸில் லீலா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பர்லியாறு தாண்டினதும் தூங்கிவிட்டாள். நான் தூங்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஒன்றும் இல்லை. போஜன் தினமும் கேட்கிறார், "ஏதாவது தெரியுதுங்களா சார்?" கேட்காவிட்டால் கோபம் வரும், கேட்டாலும் வருகிறது. பாவம் மனிதர்.

பெக்கோ எடை கூடியிருக்கிறான். முடி பளபளவென்று இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் லீலா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பெக்கோவின் பாக்கெட்டைக் கத்தரித்தேன். கத்தரித்த கையோடு இரண்டடி பின்னால் போனேன். என்னவோ ஒன்று முகத்தில் அடித்தது. முதலில் எனக்குப் புரியவே இல்லை, தலை சுற்றுகிறதோ என்று மேசையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு பாக்கெட்டை மூக்கருகில் கொண்டுபோனேன்.

நாற்றம். அசல் நாற்றம். குடலைப் புரட்டும், சந்தேகத்துக்கு இடமே இல்லாத மீன் நாற்றம்.

"லீலா! நாறுது லீலா! நாறுது!"

மாவுக் கையோடு ஓடிவந்தாள். "எங்க அசிங்கம் பண்ணித் தொலைச்சான்?" என்று தரையெல்லாம் தேடினாள்.

"தரையில இல்ல. இது! இது நாறுது!"

பாக்கெட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். முக்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "இன்னொருவாட்டி மோந்து பாருங்க" என்றாள். பார்த்தேன். உமட்டியது. அடக்க முடியாமல் அழுதேன். இவ்வளவு கேவலமான ஒன்று இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்துத் துரத்தியிருப்பேன்.

உடனே ஓடிப்போய்த் தேயிலைப் பொடியை அள்ளி முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. காப்பிப் பொடி, அதுவும் இல்லை. தேயிலை வர இன்னும் நாளாகுமோ, வராமலே போகுமோ, யார் கண்டது. மீன் வந்திருக்கிறது.

பெக்கோவுக்கு எங்கள் அழுகையில் துளி அக்கறை இல்லை. என் வேட்டியில் நகத்தை மாட்டி எழுந்து நின்று கத்தினான். தட்டில் போட்டேன். அவன் தின்று முடித்துத் தட்டை நக்கும்வரை பக்கத்திலேயே தரையில், அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று லீலா இரண்டு தடவை சொன்னாள்.